உருண்ட கல்லு

கெங்கம்மா, நல்லா இருக்கியா? புள்ளைக்கு இருமல் நின்னுச்சா? நான் சுகந்தான்.

இங்க ராயபுரத்துல கடல் கரையைத் தின்னுது. நாங்க கல்லு கொட்டித் தடுக்குறோம். நேத்து வந்த கல்லுல ஒண்ணு மட்டும் வழவழன்னு உருண்டையா இருந்துச்சு. நம்ம மலையடி ஞாபகத்துல அதைத் தடவிக்கிட்டு நின்னேன். கூட வேலை செய்யுற மஜீது, "இன்னா மாமு, கல்லாண்ட கொஞ்சிகினு கீற? வெட்டுன கல்லு கூரா கீது. இது தண்ணி உருட்டிகினு வந்தது"ன்னான்.

அப்பத்தான் திக்குன்னுச்சு. சேலம் டவுன் பெருகுதுன்னு உன் தம்பி மலையடியில நமக்கு வாங்கின மனை பூரா அந்த மாதிரி கல்லுதானே? மலைவெள்ளம் வந்த வழி அது, திரும்பவும் வரும். அங்க வீட்டுக்குக் கடக்கால் தோண்ட வேண்டாம், இப்ப இருக்குற மேட்டுக் குடிசையே போதும்னு அவன்கிட்ட சொல்லு.

நீயும் புள்ளையும் போத்திக்கிற என் போர்வையை அனுப்பு, துவைக்காம.

மஜீது கூப்பிடுறான், கல்லுவண்டி வந்துடுச்சாம். மழை இருட்டுச்சுன்னா நீ புள்ளையைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போயிடு, மனைப் பக்கம் நிக்காத.