கம்பனி அணியின் ஆட்டம்

ஞாயிறு இரவு, நெளுக்குளம்.

இன்று அம்மாவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. படைத்து முடிந்தபோது கொரியாவிலிருந்து தம்பி வீடியோவில் வந்தான். பேஸ்போல் மைதானத்தில் நின்றான். அவன் வேலை செய்யும் கம்பனிக்குச் சொந்தமாக ஒரு அணி இருக்கிறது. ஆட்டம் பார்க்கத் தொழிலாளர்களை பஸ்ஸில் கூட்டிப்போயிருக்கிறார்கள். கம்பனிப் பெயர் போட்ட சட்டையோடு கத்திக்கொண்டிருந்தான். சித்தப்பா முகம் சுளித்தார்.

எனக்கும் பொறுக்கவில்லை. "இண்டைக்கும் உனக்கு விளையாட்டோடா?" என்று கேட்டேன்.

"செத்தவீட்டுக்கே லீவு தரேல்லை அக்கா. ரூமில அழவும் ஏலாது, நைட் வேலை செய்த பெடியள் படுத்திருப்பாங்கள். இஞ்ச எல்லாரும் கத்துறாங்கள். நான் அம்மா எண்டு கத்துறன். ஒருத்தருக்கும் விளங்காது."

சித்தப்பா எழும்பி முற்றத்துக்குப் போனார். நான் போனை அம்மாவின் படத்துக்கு நேரே பிடித்தேன். கை நோகும் வரை பிடித்திருந்தேன்.