அளக்கப்படாத இடது நெற்றிப்பொட்டு

அனுப்புநர்: பக்கவாதப் பிரிவில் சிகிச்சை பெறும் தையற்கடைக்கார அம்மாளின் தம்பி.

பெறுநர்: மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: என் அக்காவின் மூளை இரத்தக்குழாய் விறைப்புச் சோதனை அறிக்கையில் உள்ள பொய்யான அளவை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்காவின் மூளையில் இடது பக்க இரத்தக்குழாய்கள் எவ்வளவு விறைத்துள்ளன என்பது இதுவரை அளக்கப்படவே இல்லை. நரம்பியல் துறைத் தலைவர் நேற்று மாலை தாமே அல்ட்ராசவுண்ட் கருவியை அவரது நெற்றிப்பொட்டில் வைத்துப் பார்த்து இதை உறுதிசெய்தார். இடது பக்கம் எலும்பு தடித்திருப்பதால் ஒலி உள்ளே போகவில்லை என்றார். சென்ற மாத அறிக்கையிலோ இடது பக்கத்துக்கும் அளவு இருக்கிறது. இம்மி பிசகாமல் வலது பக்கத்தின் அதே அளவு.

2. அக்காவின் வலது கை அடிக்கடி மரத்துப்போனதால் எடுத்த சோதனை அது. நானும் அறையில் இருந்தேன். சோதனை செய்த அம்மையார் இடது பக்கம் நெடுநேரம் முயன்றார். எலும்பு தடிமன் என்று அவர் சொன்னதும் அக்கா, "மண்டைக்கனம் புடிச்சவன்னு எங்கம்மா சும்மா திட்டல" என்றார். மூவரும் சிரித்தோம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கணினி அறிக்கையை அச்சிடாதாம். "ரெண்டு பக்கமும் பெரும்பாலும் ஒண்ணாத்தாங்க இருக்கும். இதுக்காக இன்னொரு தடவ ஏன் அலையணும்?" என்று கூறி, அம்மையார் வலது பக்க எண்ணையே இடது கட்டத்திலும் பதிந்தார். உபகாரம் என்று எண்ணி நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

3. அந்த அறிக்கையை நம்பிய மருத்துவர், மேற்கொண்டு ஸ்கேன் தேவையில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார். மூன்றாம் வாரம் மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கையும் பேச்சும் போயின. கத்தரிக்கோல் பிடித்த கையால் என் விரலைக்கூடப் பற்ற முடிவதில்லை. என்னைக் கூப்பிட வாயெடுக்கிறார், காற்றுத்தான் வருகிறது.

4. அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்று முடிவுசெய்யும் மருத்துவர் குழு வியாழன் காலை கூடுகிறது. அவர்கள் முன் வைக்கப்படவிருப்பதும் அதே அறிக்கைதான். அதை விலக்கிவிட்டு, சாயம் செலுத்தி எடுக்கும் ஸ்கேனுக்கு உத்தரவிடுங்கள். அம்மையாரைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. 'அளக்க முடியவில்லை' என்று பதிய அவருடைய கணினியில் ஓர் இடம் கொடுங்கள். இரு பக்கமும் ஒரே எண்ணுடன் வீடு திரும்பியவர்கள் வேறு யாரேனும் இருந்தால், அவர்களையும் தாமதமின்றி அழைத்துப் பாருங்கள்.

5. ஸ்கேன் பிரிவில் புதன் மாலை இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தங்கள் ஒப்புதல் மட்டும் இன்னும் வரவில்லை.

பணிவுடன்,
(கையொப்பம்)
நோயாளியின் தம்பி

இடம்: பக்கவாதப் பிரிவு வராந்தா
நாள்: செவ்வாய்க்கிழமை, காலை