ராக்கெட் பார்த்த ஒன்பது பேர்

ரங்கூன், 11-10-2007

அன்பு மரியத்துக்கு அஸ்ஸலாமு அலைக்கும். ரப்பின் உதவியால் இங்கே நான் சுகம். உம்மாவின் மூட்டுவலி தேவலையா?

நேற்று நோன்பு திறந்தபின் முதலாளி பாரி நானா வீட்டில் மலேசியா டிவி பார்த்தோம். அந்த நாட்டு முஸ்லிம் டாக்டர் ஒருவர் விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்ட நாள். இங்கே இப்போது ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று ராணுவத்தின் உத்தரவு. நாங்கள் ஒன்பது பேர். ராக்கெட் எழும்பியதும் எங்களை மறந்து "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் முழங்கிவிட்டோம். உடனே கதவு இடிபட்டது.

துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். "என்ன கூட்டம்?" என்று மூத்தவர் பர்மாப் பேச்சில் கேட்டார்.

நானா டிவியைக் காட்டி, "நம்ம ஆளு ஒருத்தர் வானத்துக்குப் போறாரு, சயா" என்றார். இங்கே ஐயாவுக்கு அப்படித்தான் சொல்வது.

"உசிரோட போய்ச் சேருவாரா?"

"இன்னும் தெரியல, சயா."

அவரும் நின்று பார்க்க ஆரம்பித்தார். எட்டு நிமிடம் ஓடியது. ராக்கெட் நல்லபடியாக மேலே போய்விட்டது என்று டிவியில் சொன்னதும், "ரெண்டு ரெண்டு பேராப் போங்க. இனிமே கூடாதீங்க" என்றார். எங்கள் பெயரைக் கேட்கவில்லை. பயப்படாதே, உம்மாவிடம் சொல்லாதே.

பிள்ளையின் காலைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. செருப்புக் கடையில் அளவு கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை. உன் காலையும் வரை.

கடிதம் கொண்டுவருபவர் வாசலில் அவசரப்படுத்துகிறார். நாளை அந்த டாக்டர் நிலையத்துக்குள் நுழைய வேண்டும். நாங்கள் பார்க்க முடியாது. பத்திரமாகச் சேர்ந்தாரா என்று நீ பார்த்து எழுது.

உன் நெய்னா