இன்னும் சத்தமா வை

9 பிப்ரவரி 2022, ஷெஃபீல்ட்

காலையிலிருந்து மழை. பாய்லர் பழுதுபார்க்க வருகிறேன் என்றவன் வரவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் எழுதுகிறேன்.

ரெக்கார்டு கம்பெனியிலிருந்து மின்னஞ்சல். எங்கள் ஆல்பம் 'இரும்புத் தீனி'க்கு நாற்பது வயதாகிவிட்டதாம். பெட்டி போட்டு மறுபடி வெளியிடப் போகிறார்கள். பழைய ஒப்பந்தப்படி பாடகன் லெனி, பாஸ் கிட்டார் வாசிக்கும் கிளைவ், டிரம்ஸ் அடித்த நான் - மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும்.

தொண்ணூற்றாறில் சிடி போட்டார்கள். அதில் ஆறாவது பாட்டில் வரும் அந்தக் கத்தலின் சத்தத்தை ஏற்றி வைத்தார்கள். இரண்டாயிரத்து ஏழில் இரட்டை சிடி. கத்தலை மட்டும் வெட்டி ரிங்டோனாகவும் விற்றார்கள். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் பைக்குள் போனில் நான் கத்தினேன். இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

இப்போது என்ன செய்வார்கள்? பொம்மைக்குள் வைப்பார்களா?

16 பிப்ரவரி

பழைய டேப்பிலிருந்து புதிதாக ஒலிக்கலவை செய்கிற பெண் போன் செய்தாள். பெயர் நெரிஸ், வேல்ஸ்காரி. ஒவ்வொரு மைக்கும் டேப்பில் தனித்தனித் தடத்தில் இருக்கும். ஒன்றை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் அடைத்துக் கேட்கலாம். அதுதான் அவள் வேலை.

"லெனியோட மைக்ல அந்தக் கத்தலே இல்லைங்க. டிரம்ஸுக்கு மேல தொங்குற மைக்ல மட்டும்தான் இருக்கு," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "அது நீங்கதானே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். நாற்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள்.

17 பிப்ரவரி

எழுதிவிடுகிறேன்.

அட்டர்கிளிஃபில் பழைய கத்தித் தொழிற்சாலைக்குள் ஸ்டூடியோ. நானும் லெனியும் அப்போது ஒரே வீட்டில் இருந்தோம். ஆறாவது பாட்டு. என் இடது கை பிந்துகிறது என்றான். இல்லை என்றேன். மறுபடி வாசித்தோம், மறுபடி அதையே சொன்னான். நீதான் முந்துகிறாய் என்றேன்.

எழுந்து வந்தான். கோபமே இல்லை குரலில். "கையை வை, கண்ணு." எங்கள் ஊரில் பஸ் டிரைவரும் கறிக்கடைக்காரரும் யாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் டிரம் மேல் வைத்தேன் - காட்டத்தானே கேட்கிறான் என்று. மைக் ஸ்டாண்டின் அடியில் இருக்கிற வார்ப்பிரும்பு வட்டால் அடித்தான். இரண்டு விரல். எலும்பு வெளியே தெரிந்தது. டேப் ஓடிக்கொண்டிருந்தது. கிளைவ் தன் கிட்டாரின் கம்பி முறுக்கும் ஆணிகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

என் கத்தல் பிரமாதமாக இருக்கிறது என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். மிச்சப் பாட்டுக்கு வேறு ஆள் டிரம்ஸ் அடித்தான். மொட்டைமாடியில் நின்று மூன்று நாள் கத்திப் பழகியதாக லெனி பேட்டி கொடுத்தான். கச்சேரியில் அந்த இடம் வந்தால் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவான். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து கத்துவார்கள். என் எலும்பு உடைந்த சத்தத்துக்குக் கோரஸ்!

சிடி வந்த வருஷம் ஒரு பத்திரிகையிடம் உண்மையைச் சொன்னேன். பொறாமை பிடித்தவள் என்று ரசிகர்களிடமிருந்து வீட்டுக்குக் கடிதம் வந்தது, மூட்டை மூட்டையாக.

18 பிப்ரவரி

என் பெயர் வேண்டும். அந்தப் பாட்டுக்குக் கீழே, 'கத்தியது மோரீன் ஸ்டானிஃபோர்த்' என்று. அது இல்லாமல் கையெழுத்து இல்லை.

2 மார்ச்

மதியம் பப்பில் மூன்று பேரும் சந்தித்தோம். லெனி தலைக்குக் கறுப்புச் சாயம் அடித்திருக்கிறான். காது வரைக்கும் ஒழுகியிருக்கிறது.

பெயர் கேட்டேன். சிரித்தான். "உன் பேரப் போட்டா எவன் வாங்குவான், மோ? பூனை மிதிபட்டதுன்னு நெனச்சுக்குவான்."

"நெரிஸ் கேட்டிருக்கா. உன் மைக்ல ஒண்ணுமே இல்லியாம்."

"நான் என் ரெக்கார்டக் கேட்டதே இல்ல. கேக்கறவன் கத்துக்குட்டி." இதை நாற்பது வருஷமாக எல்லாப் பேட்டியிலும் சொல்கிறான். பெருமை வேறு.

கிளைவைப் பார்த்தேன். அவன் பீர் கிளாஸைப் பார்த்தான். "லெனி இல்லாட்டி டூர் இல்ல, மோ," என்றான் மெல்ல. அன்றைக்கு ஆணி, இன்றைக்கு கிளாஸ். தூ.

12 மார்ச்

இதையும் எழுதுவேன்.

பெல் அடித்தது. பாய்லர்காரன் என்று திறந்துவிட்டேன். லெனி. தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். ஃபிரிட்ஜோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்தான். "கையெழுத்துப் போடு. கை உன்னோடது, கத்தல் என்னோடது. புரியுதா?" அறுபத்தாறு வயசு, பிடி மட்டும் அப்படியே இருக்கு. கண்ணு இருட்டுது. மூச்சு இல்ல. செத்தேன்னுதான் நெனச்சேன் -

வலது கைக்கு வாணலி அகப்பட்டது. மூக்கில் போட்டேன். உடைவது கேட்டது. இன்னொன்று போட்டேன். அது தேவையில்லைதான். போட்டேன்.

அடுப்பு, தரை, கதவுப்பிடி எல்லாம் ரத்தம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ரொம்ப.

போலீஸ் வந்தது. சின்ன வயசு. என் கழுத்தைப் போட்டோ எடுத்துவிட்டுக் கேட்டான்: "அந்தப் பாட்டுல கத்துவாரே, அவரா?"

13 மார்ச்

விழுங்க முடியவில்லை. சூப் மட்டும்.

21 மார்ச்

நெரிஸ் நேரில் வந்தாள். கழுத்தைப் பார்த்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். பிறகு லெனி அனுப்பியதை வாசித்துக் காட்டினாள். "யார் பேரும் வேண்டாம். கலவை எனக்குச் சம்மதம், கேக்க அவசியமில்ல. அந்தக் கத்தல மட்டும் இன்னும் சத்தமா வை. எப்பவும் வச்சத விட."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் காதில் மாட்டும் கருவியைக் கொடுத்தாள்.

இதுவரை வந்த பதிப்புகளில் கத்தலுக்கு முன்வரை அந்த டிரம்ஸ் மைக்கின் தடத்தை அடைத்து வைத்து, சரியாகக் கத்தலில்தான் திறந்திருக்கிறார்கள். இவள் கொஞ்சம் முன்னாலேயே திறந்து, சத்தத்தை ஏற்றியிருக்கிறாள். அவன் சொன்னபடியே. பூட்ஸ் நடந்து வருகிறது. "கையை வை, கண்ணு." தெளிவாக, என் காதுக்குள். பிறகு இரும்பு. பிறகு நான்.

கருவியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"நீங்க வேண்டாம்னா அடைச்சிடறேன்," என்றாள் நெரிஸ். "கம்பெனி ஆள் போன் ஸ்பீக்கர்ல கேட்டான், பேச்சு அவன் காதுல விழல, அபாரம்னுட்டான். முடிவு உங்களுது."

அந்தச் சத்தத்தை ஊரே கேட்க வேண்டுமா? என் பெயர்தானே கேட்டேன், இதையா கேட்டேன்?

24 மார்ச்

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

30 செப்டம்பர்

பெட்டி வெளியானது. பெட்டியில் என் பெயர் டிரம்ஸ் என்று மட்டும்.

8 அக்டோபர்

போன் ஓயவில்லை. அன்றைக்குக் கடிதம் எழுதித் திட்டிய ஒருத்தர், இப்போது தாத்தாவாம், போனிலேயே அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு வைத்தேன்.

லெனி அது ஒரு நாடகம், வேண்டுமென்றே பதிவு செய்தது என்கிறான். கிளைவிடம் கேட்டார்களாம். ஒன்றும் சொல்லவில்லையாம்.

19 நவம்பர்

மதியம் கிளைவ் போன் செய்தான். நேற்று லீட்ஸில் கச்சேரி.

"அந்த எடம் வந்துச்சு, மோ. லெனி மைக்க நீட்டுனான். ஒருத்தரும் கத்தல."

"ஒருத்தருமா?"

"அத்தன பேரும் வாயத் தொறக்கல. நீட்டுன கையோட நிக்கறான். டிரம்ஸ் பையன் அடிக்கறத நிறுத்திட்டான். அப்புறம் லெனியே கத்திப் பாத்தான். இருமல்தான் வந்துச்சு." கிளைவ் மூக்கை உறிஞ்சினான். "நான் கிட்டாரக் கழட்டி வச்சுட்டு மைக்ல சொல்லிட்டேன். நானும் அந்த ரூம்லதான் இருந்தேன், பாத்தேன், கத்துனது அவதான்னு. உன் முழுப் பேரையும் சொன்னேன்."

நாற்பது வருஷம் கழித்து வாய் வந்திருக்கிறது கழுதைக்கு. திட்டத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

அந்தப் பாட்டை வாசித்தும் அடுத்தவர் வாயால் நான் கத்தாத முதல் கச்சேரி அது.