இரண்டு பொட்டலங்கள்

ராசிபுரம்,
12-5-1936

அன்புத் தோழி,

ஆமாம், என் நோட்டை அப்பா படித்துவிட்டார். "மனிதன் தன் ஆசையைப் பூவில் சுற்றி, தெய்வத்தின் பதில் என்கிறான்" என்ற பக்கத்தையும்.

நான் கல்லூரிக்குத் திரும்பலாமா என்று நேற்று அம்மன் கோயிலில் பூக் கேட்டார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் கல்யாணம். பொட்டலங்களை அப்பா என்னையே கட்டச் சொன்னார்.

"இவளா?" என்றார் பூசாரி.

"நம்பாதவ எதுக்குங்க சாமியை ஏமாத்தப்போறா?" என்றார் அப்பா.

இரண்டிலும் வெள்ளை அரளியையே வைத்தேன்.

அம்மன் முன் வைத்த இரண்டில் ஒன்றைப் பூசாரி எடுத்துப் பிரித்தார். வெள்ளை வந்தது. மற்றதையும் பிரிக்கப் போனார். அப்பா அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். "பதில் வந்துருச்சுங்களே."

வீடு வரும்வரை அவர் அந்த மடியை அவிழ்க்கவில்லை. அவருக்குத் தெரியுமா?

இன்று காலை நோட்டில் "இரண்டும் வெள்ளை" என்று எழுதி, விரித்தபடியே அவர் நெய்யும் தறிமேல் வைத்தேன்.

உன் அறைத்தோழி