அலெக்சாந்தரோடு போனவர்கள்

என் குஞ்சு வாகீசனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ செத்துப்போய் ஒரு வருடமாகிறது. உன்னோடு கசெட்டில் பேசிப் பழகியவனுக்குப் பேனா ஓடவில்லை. ஆனால் இனிக் கசெட்டை யாரிடம் கொடுத்து அனுப்புவது?

கனடாவில், டோர்செட் பார்க்கில் அதே பதினோராம் மாடிதான். அம்மாவை வர விட்ட இயக்கத்துக்காரர் உனக்கு மட்டும் ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் தரவில்லை. வயதுப் பெடியனை வெளியே விடமாட்டோம் என்றார்கள். மாமா வீட்டில் தனித்துப்போன உனக்காகத்தான் அலெக்சாந்தர் கதையைப் பதிவு செய்யத் தொடங்கினேன். ஊரில் சரித்திரம் படிப்பித்தவன், இங்கே ஓட்டலில் கோப்பை கழுவுகிறவன். கசெட்டில் மட்டும் மறுபடி வாத்தியார். எனக்கும் அது தேவைப்பட்டது, மறைப்பானேன்?

ஊருக்குப் போகும்போது கசெட் கொண்டுபோன சிவராசா அண்ணை முதலே சொல்லிவிட்டார். "சோதனைச் சாவடியிலை போட்டுக் கேப்பாங்கள், மாஸ்ரர். ஊர் எரிஞ்சது, சனம் செத்தது எண்டு ஒண்டும் இருக்கக்கூடாது. பிறகு நான்தான் மாட்டுப்படுவன்." அவர் பயம் நியாயமானது. நானும் வெட்டினேன்.

இருபது வயதில் அரியணை ஏறினான் என்றேன். தீப்ஸ் நகரத்தைத் தரைமட்டமாக்கி, மிஞ்சிய சனத்தை அடிமைகளாக விற்றதைச் சொல்லவில்லை. கடலுக்குள் பாதை போட்டுத் தீர் என்ற தீவு நகரத்தைப் பிடித்த கெட்டித்தனத்தைச் சொன்னேன். பிறகு பிடிபட்டவர்களை அறையக் கடற்கரையில் நட்ட சிலுவைகளை விட்டுவிட்டேன். பாரசீக அரசனைத் துரத்தினான், போரஸின் யானைகளை வென்றான். ஒரு பிரேதம்கூட விழாத படையெடுப்பு. எந்த வாத்தியார் அப்படிப் படிப்பிப்பான்?

பிறகு நீ கடிதத்தில் கேட்டாய்: "அப்பா, அவரோடை போன பெடியள் எல்லாரும் வீட்டை வந்தவையோ?"

எனக்குத் தெரியும், தம்பி. திரும்பும் வழியில் பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் விழுந்தவர்களைத் தெரியும். அவனே ஊர் திரும்பாமல் பாபிலோனில் செத்ததும் தெரியும். கசெட்டில் என்ன சொன்னேன்? "ஓம் ராசா, எல்லாரும் வந்து சேந்தவை." ஏன் கேட்கிறாய் என்று ஒரு கணமாவது யோசித்தேனா?

அதே கசெட்டின் மறுபக்கத்தில் நீ பேசி அனுப்பினாய். அது எங்கள் கைக்கு வந்தபோது நீ இயக்கத்துக்குப் போய்விட்டிருந்தாய். அடுத்து வந்தது சாவுச் செய்தி.

அம்மா நாள்தோறும் உன் பக்கத்தைக் கேட்பாள். "சாப்பிட்டனான் அம்மா, யோசியாதேங்கோ" என்கிற இடத்தில் நிறுத்தி, சுற்றி, மறுபடி கேட்பாள். நானும் பக்கத்தில் இருந்து கேட்பேன். மறுபக்கம் சரித்திரப் பாடம்தானே என்று அவள் திருப்பிப் போட்டதே இல்லை. என் பக்கத்தை அழிக்க இரண்டு தரம் எடுத்தேன். கை தவறி உன் குரல் போய்விடுமோ என்று பயந்து வைத்துவிட்டேன்.

போன ஞாயிறு உன் ஆட்டைத் திவசம். வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின், அம்மாவை இருத்தி உன் கடிதத்தை வாசித்தேன். பிறகு என் பக்கத்தைப் போட்டேன். முழுக்கக் கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"அவை திரும்பி வரேல்லை எண்டு உங்களுக்கு அப்பவே தெரியுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

கசெட்டை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. இப்போதும் கேட்கிறாள், ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து. வெளியே இருக்கிற எனக்கு உன் குரல் வருவதில்லை.

அவள் செய்தது சரி. இனி அந்தக் கதையை யார் கேட்டாலும், திரும்பி வராதவர்களிலிருந்துதான் தொடங்குவேன். அவளாகத் திறக்கும்வரை கதவையும் தட்டமாட்டேன், ராசா. இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன்னிடம் பொய் சொன்ன
உன் அப்பா