நாலு விரல் துணி

வீட்டம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் சௌக்கியமா? தையல் மெஷின் மிதிச்சு வந்த உன் கால்வலி குறைஞ்சுதா? எனக்கு ஒண்ணுமில்ல. முதல்லயே சொல்லிடறேன், ஒண்ணுமே இல்ல.

பார்சல் கொடுக்கப் போறப்ப பைக்ல போட்டுக்கிற தடிப் பேன்ட், லீவுல வந்தப்ப நீளமா இருக்குன்னு உன்கிட்ட வெட்டித் தைக்கச் சொன்னேனே? அதைப் பார்த்து இங்கே என் பைக்கைப் பார்க்கிற மெக்கானிக் கத்தினார். "யோவ், இதுக்கு நின்னுக்கிட்டா அளவெடுப்பாங்க? பைக்ல உட்காரு!" உட்கார்ந்தேன். பேன்ட் மேல ஏறி, ஷூவுக்கு மேல கணுக்கால் பல்லிளிச்சுது. சரி, தொலைஞ்சுதுன்னு மடிப்பைப் பிரிச்சா, உள்ளே நாலு விரல் துணி! நீ வெட்டவே இல்ல. அடிப்பாவி, ஒரு வார்த்தை சொன்னியா? இழுத்து விட்டுப் போட்டுக்கிட்டேன்.

நேத்து திருப்பத்துல மணல். பைக்குக்குத் தூக்கம் வந்துடுச்சு, படுத்துடுச்சு. என் கால் அதுக்கு அடியில. கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போச்சு. எழுந்து பார்த்தேன். நீ விட்டுவச்ச அந்த நாலு விரல் துணி மட்டும் தேஞ்சு சல்லடை. உள்ளே கணுக்கால்ல ஒரு கீறல்கூட இல்ல. ரோட்டோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

அப்பாகிட்ட சொல்லாதே. பக்கத்து ரூம்காரர் அங்கே வர்றார். தடித் துணி கொஞ்சம், ஊசி, கறுப்பு நூல் கொடுத்தனுப்பு. வேலைக்கு நேரமாச்சு.

உன் வீட்டுக்காரன்

ஊசியில நூலைக் கோத்தே அனுப்பு. இங்கேயும் ஊசி நூல் கிடைக்குது. காலையிலிருந்து கோக்கப் பார்க்கறேன், கை நிக்க மாட்டேங்குது.